வங்கியைப் பெருக்கியவரின் பாஸ்புக்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு வங்கியில் கிளார்க் வேலை கிடைத்தது. வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இருந்த சின்னக் கிளை. தாம்பரத்தில் பஸ் ஏறி, படப்பை தாண்டி, கம்பெனி பஸ்கள் கிளப்பும் புழுதியைத் தலையில் வாங்கிக்கொண்டு போய் இறங்குவேன். முதல் நாளே என்னைப் புதுக் கணக்கு தொடங்கும் கவுண்ட்டரில் உட்காரவைத்தார்கள். பெயர்தான் புதுக் கணக்கு. அங்கே உட்கார்ந்து நான் செய்த வேலை, கணக்கு கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது. சொன்னால் தற்பெருமையாக இருக்கும், அதில் நான் கெட்டிக்காரி.

திருப்பி அனுப்புவது ஒன்றும் கஷ்டமில்லை. ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால், அதில் உள்ள விலாசத்தில்தான் குடியிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். அதுவும் சரியாக இருந்து தொலைத்துவிட்டால், அறிமுகக் கையெழுத்துப் போட ஆள் உண்டா என்று கேட்க வேண்டும். ஏற்கெனவே எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர், ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட்டால்தான் புதியவருக்குக் கணக்கு. ஆனால் கணக்கு இல்லாதவர்களின் சொந்தக்காரர்களுக்கும் கணக்கு இருக்காது, அக்கம்பக்கத்தாருக்கும் இருக்காது. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த ஒருவர், ஓர் அறையில் எட்டுப் பேரோடு தங்கி கான்ட்ராக்டில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர், மூன்றாவது முறையாக வந்து நின்று கேட்டார்.

“ஊர் கார்டைக் காட்டினா ஆகாதுங்கிய. இங்க எனக்கு கார்டு தரமாட்டாவ. ரூமு ஓனர் வாடகைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதித் தரமாட்டாரு. அப்ப நான் எங்கதான் மேடம் இருக்கேன்?”

“அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்” என்றேன்.

பக்கத்தில் இருந்த கேஷியர் சிரித்தார். என் சாமர்த்தியத்தை நினைத்து நான் அன்று முழுவதும் பூரித்துக்கொண்டிருந்தேன். அவர் நான்காவது முறை வரவில்லை.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மேனேஜர் அடிக்கடி சொல்வார். ஆனால் அந்தச் சமயத்தில் தொழிற்சாலைகளுக்காக நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. வயலை விற்றுப் பெரிய தொகை வாங்கியவர் இருக்கிறார் என்று காதில் விழுந்தால், மேனேஜரே பழத்தட்டும் ஸ்வீட் பாக்ஸுமாக அவர் வீட்டுக்குப் போவார். படிவத்தைத் தானே நிரப்புவார். அறிமுகக் கையெழுத்துக்கு ஆளையும் தானே பிடிப்பார். விலாசத்துக்கு என்ன அத்தாட்சி சார் என்று நான் ஒருமுறை கேட்டேன். “வீட்டுக்கே போய் காபி குடிச்சுட்டு வந்திருக்கேன், அதைவிட என்னம்மா அத்தாட்சி?” என்றார். எட்டுப் பேர் தங்கிய அறையில் யாரும் அவருக்குக் காபி கொடுக்கக் கூப்பிடவில்லை. தப்பு அவர்கள் பேரில்தான்.

எங்கள் கிளையைப் பெருக்கித் துடைக்க ஓர் அம்மா வருவார். வயது நாற்பதுக்குள் இருக்கும். கிளைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. நான் அக்கா என்று கூப்பிடுவேன். மேனேஜர் ‘ஏம்மா’ என்பார். காலை ஏழரைக்கு வந்து பெருக்கி, துடைத்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்து, லெட்ஜர்களின் தூசி தட்டி, பத்து மணிக்கு நாங்கள் வரும்போது வாசலில் கோலமும் போட்டு முடித்திருப்பார். அதிகாரிகள் எல்லோரும் தாம்பரத்திலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வருகிறவர்கள் என்பதால், வெளிக்கதவின் சாவி அவர் வீட்டில்தான் இருக்கும். இரும்பு அறையின் சாவி இல்லை, அவ்வளவு தூரம் நாங்கள் போய்விடவில்லை. மற்றபடி, ஒவ்வொரு நாளும் வங்கியைத் திறந்தவர் அவர்தான்.

அவருக்குச் சம்பளம் கிடையாது. சனிக்கிழமைதோறும் வவுச்சரில் கூலி. அந்த வவுச்சர்கள்தான் எங்கள் கிளையின் உண்மையான இலக்கியம். ஒரே ஆள் பெயரில் தொடர்ந்து எழுதினால், பின்னால் அவர் நிரந்தர வேலை கேட்டுவிடுவார் என்று மேலிடத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் மேனேஜர் ஒரு வாரம் அக்காவின் பெயரை எழுதுவார். மறுவாரம் அக்காவின் நாத்தனார் பெயரை எழுதுவார். அதற்கடுத்த வாரம் அக்காவின் மாமியார் பெயர். மாமியார் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. பெயர் தீர்ந்துபோய், “வீட்ல வேற யாரும்மா இருக்கா?” என்று மேனேஜர் கேட்டபோது அக்கா சொன்ன பெயர் அது. கையெழுத்து என்றால் கையெழுத்து, கட்டைவிரல் ரேகை என்றால் ரேகை, எல்லாம் அக்காதான் வைப்பார். உயிரோடு எதிரில் நிற்கிறவரிடம் ‘நீ நீதான் என்பதற்கு என்ன அத்தாட்சி’ என்று கேட்ட வங்கி, செத்துப்போனவருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தரம் கூலி கொடுத்துவந்தது.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அக்கா என் கவுண்ட்டருக்கு வந்தார். துடைப்பம் கையில் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மற்ற வாடிக்கையாளர்களைப் போல வெளிப்பக்கம் நின்றார். அவர் அந்தப் பக்கம் நின்று நான் பார்த்ததே இல்லை.

“மேடம், எனக்கு ஒரு புக்கு போட்டுக் குடுங்க.”

“என்ன திடீர்னு?”

“சீட்டுக்காரன் ஓடிப்பூட்டான் மேடம். தீபாவளி சீட்டு. வருசம் பூரா வாரா வாரம் கட்னேன். கடையே பூட்டிகீது. வூட்ல வெச்சா எங்கூட்டுக்காரு எடுத்துகினு பூடறாரு. தெனம் பேங்க்ல கெடக்கறவ நானு. என் துட்டு மட்டும் எதுக்கு வெளிய கெடக்கணும்?”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அறிமுகக் கையெழுத்தை நானே போடுவதாக முடிவுசெய்து, படிவத்தோடு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

“விவரம் தெரியாம பண்றியா, தெரிஞ்சு பண்றியா?”

“என்ன சார்?”

“நாம குடுக்குற கூலி வாராவாரம் அவ கணக்குல ஏறும். நம்ம முத்திரையோட, தேதியோட. நாலு வருஷம் கழிச்சு ஒரு வக்கீல் அந்தப் பாஸ்புக்கைத் தூக்கிட்டு வந்து, ‘பாருங்க, இந்தம்மா இத்தனை வருஷமா இங்கதான் வேலை பார்க்குது’ன்னா யார் பதில் சொல்றது? நீயா?”

“அவங்க இங்கதானே சார் வேலை பார்க்கிறாங்க.”

“அது உனக்கும் எனக்கும் தெரியும். பேப்பருக்குத் தெரியக் கூடாது.”

நான் வெளியே வந்தேன். அக்கா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பயம். அதோடு, திருப்பி அனுப்புவதில் எனக்குத்தான் கைப்பழக்கம் இருந்ததே.

“ரேஷன் கார்டு வேணுமாம் அக்கா” என்றேன்.

அவர் கார்டு கொண்டுவந்தார். அதில் மணிமங்கலத்துப் பழைய விலாசம். இது ஆகாது என்றேன். ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுக்கு அவர் எத்தனை முறை நடந்தார் என்று எனக்குத் தெரியாது. போகிற நாளில் காலை ஆறு மணிக்கே வந்து பெருக்கிவிட்டுப் போவார். மாதங்கள் கழித்து விலாசம் மாற்றிய கார்டைக் கொண்டுவந்து நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொண்டுவர மாட்டார் என்று நினைத்துத்தான் கேட்டிருந்தேன். போட்டோ வேண்டும் என்றேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் போட்டோ எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்தார். மேனேஜரிடம் திரும்பப் போனேன். “இப்ப கணக்கு தொடங்குறதை நிறுத்தி வச்சிருக்காங்கன்னு சொல்லு” என்றார். அதையும் நான் சொன்னேன்.

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

“சரி மேடம். தொறந்தா சொல்லுங்க” என்று கார்டையும் போட்டோவையும் உறைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பெருக்கப் போனார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வருடங்கள் ஓடின. லெட்ஜர்கள் போய் கம்ப்யூட்டர் வந்தது. அதன் தூசியையும் அக்கா தட்டினார். அந்த மேனேஜரும் போய் வேறொருவர் வந்தார். முகம் மாறியதே தவிர வவுச்சர்கள் மாறவில்லை. மாமியார் தொடர்ந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஏழைகளுக்குக் கணக்கு தொடங்க வேண்டும். பணமே போட வேண்டாம். சான்றுகளில் கண்டிப்பு வேண்டாம். கிராமத்தில் ஒரு குடும்பம்கூட விட்டுப்போகக் கூடாது. மாதக் கடைசிக்குள் எண்ணிக்கையை அனுப்ப வேண்டும், பெரிய அதிகாரி நேரில் வருவார். புது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “இனிமே யாரையும் திருப்பி அனுப்பாதீங்க” என்றார். ஏழெட்டு வருடம் நான் பழகிய வித்தை ஒரே காகிதத்தில் வீணாய்ப்போனது.

ஆனால் திருப்பி அனுப்ப ஆள் வந்தால்தானே? ஒருவரும் வரவில்லை. வரக் கூடாது என்று அத்தனை வருடம் பாடம் நடத்தியிருந்தோம். ஊரும் நன்றாகப் படித்திருந்தது. மேனேஜர் ஆட்டோவில் மைக் கட்டி, “உங்கள் வங்கி உங்களைத் தேடி வருகிறது” என்று தெருத்தெருவாக அறிவிக்கச் சொன்னார். வங்கி தேடி வருகிறது என்றால் ஜப்தி செய்யத்தான் வருகிறது என்று பாதித் தெரு கதவைச் சாத்திக்கொண்டது. ஒருவர் மாட்டை ஓட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார். மறுநாள் கிளைக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர், தங்கள் பெயரில் கடன் ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு போக வந்தவர்கள்.

மேனேஜருக்குத் தூக்கம் போனது. கேஷியர்தான் யோசனை சொன்னார்: “நம்ம பெருக்குற அம்மாகிட்ட கேளுங்க சார். இந்தத் தெரு, அந்த ரூம் பசங்க, எல்லாம் அதுக்குப் பழக்கம்.”

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் முதல் தடவையாக அவரை உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. நான் படிவக் கட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

“ஏம்மா, உங்க தெருவுல, ரூம்ல இருக்கிறவங்க எல்லாரையும் கூட்டிட்டு வரணும். எல்லாருக்கும் கணக்கு. இலவசம்.”

“கூட்டியாறேன் சார். மொதல்ல எனக்கு ஒண்ணு போடுங்க.”

மேனேஜர் சிரித்தார். “உனக்கு எதுக்கும்மா? நீ நம்ம ஆளு. உனக்குத்தான் வாராவாரம் கையில குடுத்துடறோமே.”

“நம்ம ஆளுன்னா ஏன் சார் போடல?”

“அதுல ஒரு சிக்கல் இருக்கும்மா. உனக்குப் புரியாது.”

“எனக்கு வேணாம்னா வுடுங்க சார். எங்க மாமியாருக்குப் போடுங்க” என்றார் அக்கா. “அவங்கதான மூணு வாரத்துக்கு ஒருக்கா வந்து பெருக்கினு போறாங்கோ. செத்துப்பூட்டாங்கதான். ஆனா கைநாட்டு இன்னும் வெக்கறாங்க. எல்லாம் உங்க பீரோல கீது. மாசக் கடைசில வர்ற பெரிய ஆபீசருங்ககிட்ட நானே சொல்லட்டா, இன்னா பண்ணலாம்னு?”

குரலை உயர்த்தவில்லை. மாதக் கடைசிக்கு ஒன்பதோ பத்தோ நாள் இருந்தது. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கு அந்த காலண்டர் மிக அழகாக இருந்தது.

“படிவத்தைக் குடுங்க” என்றார் மேனேஜர்.

அறிமுகக் கையெழுத்தை நான் போட்டேன். அக்கா வீட்டுக்குப் போய் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். கார்டு, போட்டோ எல்லாம் அப்படியே இருந்தன. போட்டோவில் இருந்தவருக்குத் தலையில் ஒரு நரைகூட இல்லை. இவருக்குக் காதோரம் முழுவதும் வெளுத்திருந்தது. இது இவர்தானா என்று விதிப்படி நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பசையைத் தடவி ஒட்டினேன்.

சொன்ன சொல்லை அக்கா காப்பாற்றினார். மறுநாளிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கீரை விற்கிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், நைட் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்த தென்மாவட்டத்துக்காரர்கள். வாசல்படியில் தயங்கி நின்ற ஓர் அம்மாவிடம் அக்கா சொன்னதை நான் கேட்டேன்: “வா, பயப்படாத. உள்ள ஒண்ணும் இல்ல. நான்தான தெனம் பெருக்கறேன், எனக்குத் தெரியாதா?” எங்கள் வங்கியைப் பற்றி இதைவிடச் சரியான விளம்பரத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

மாதக் கடைசியில் விழா. ஷாமியானா, நாற்காலி, பேனர். பெரிய அதிகாரி வந்து, இன்று முதல் இந்தக் கிராமத்தில் வங்கிக் கணக்கு இல்லாத வீடே இல்லை என்றார். கைதட்டினோம். ஏழை மூதாட்டி ஒருவருக்கு மேடையில் பாஸ்புக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பாஸ்புக்கில் பூஜ்யம் இருந்தது. மேனேஜருக்குக் கேடயம் கிடைத்தது. அக்கா மேடைப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும்படி கேஷியரிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கவலையே தேவைப்படவில்லை. இருநூறு காபி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவருக்கு மேடைக்கு வர நேரமில்லை.

அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை பிறந்த அன்றே தூங்கிப்போயின. எண்ணிக்கை கேட்டவர்கள், பிறகு அதில் யாராவது பத்து ரூபாய் போட்டார்களா என்று கேட்கவில்லை. ஆனால் அக்காவின் கணக்கு தூங்கவில்லை. சனிக்கிழமை மேனேஜர் கையில் கூலியை வாங்குவார். வவுச்சரில் யார் பெயரோ இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு பத்தடி நடந்து என் கவுண்ட்டருக்கு வந்து கட்டுவார்.

முதல் தடவையே கேட்டார்: “மேடம், இது இன்னாத்துக்கு வந்த துட்டுன்னு புக்குல வருமா?”

“பணம் கட்டினதுன்னு வரும்.”

“பெருக்கன கூலின்னு வராதா?”

கம்ப்யூட்டரில் விவரம் என்று ஒரு சின்ன இடம் இருந்தது. யாரும் அதை நிரப்புவதில்லை. அவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. முதல் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு பயந்தது இதற்குத்தான். வீரம் வந்து செய்தேன் என்று சொன்னால் பொய். ரேஷன் கார்டு வேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து அக்கா துடைத்துவைத்த மேஜையில்தான் நான் கையூன்றிக்கொண்டிருந்தேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது. ‘கிளை பெருக்கிய கூலி’ என்று ஆங்கில எழுத்தில் சுருக்கித் தட்டினேன். அடுத்த சனிக்கிழமையும் தட்டினேன். அதற்கடுத்ததும்.

மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பாஸ்புக் தீர்ந்து இரண்டாவது புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. ஊழியர் சங்கத்துக்காரர் ஒருவர் வேறு ஏதோ வேலையாகக் கிளைக்கு வந்தார். அக்கா தண்ணீர் டம்ளரோடு இரண்டு புத்தகத்தையும் அவர் முன்னால் வைத்தார். அவர் தண்ணீரைக் குடிக்க மறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

எனக்கு மெமோ வந்தது. வாடிக்கையாளர் கணக்கில் அவசியமற்ற விவரங்களைப் பதிந்தது ஏன்? கம்ப்யூட்டரில் விவரத்துக்கு இடம் இருந்தது, விவரமும் இருந்தது, பதிந்தேன் என்று பதில் எழுதினேன். ஒரு வருட இன்க்ரிமென்ட் போனது. வீட்டில் என் கணவர் மூன்று நாள் பேசவில்லை. பிறகு, “ஒரு இன்க்ரிமென்ட்டைக் குடுத்தாவது எதையோ செஞ்சிட்ட” என்றார். அது பாராட்டா திட்டா என்று நான் கேட்கவில்லை.

சங்கம் அக்காவுக்கு நிரந்தர வேலை கேட்டு, கடிதப் போக்குவரத்து, பேச்சுவார்த்தை எல்லாம் நடந்து, கடைசியில் சமரசம் ஆனது. அக்காவைப் பகுதிநேர நிரந்தர ஊழியராக எடுத்துக்கொள்வார்கள். முழுநேர ஊழியரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பழைய வருடங்களுக்கு எதையும் கேட்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவராகவே விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ‘முன் அனுபவம்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“இன்னா மேடம்?”

“அனுபவம் இல்லைன்னு போடச் சொல்றாங்க அக்கா. அப்பதான் பழசைக் கேட்க முடியாதாம்.”

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அன்று காலை அவரே துடைத்த தரை.

“போடுங்க” என்றார். “எம்மாம் நாளு அவங்களுக்காக அடுத்தவங்க பேர்ல கையெழுத்து போட்டுகீறேன். இது எம்பேர்லதான கீது.”

இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள், வழக்கம்போல ஏழரைக்கு வந்து, தன்னிடம் இருந்த சாவியால் திறந்து, எல்லா வேலையையும் முடித்துவிட்டுக் காத்திருந்தார். நிரந்தர ஊழியர் என்பதால் இனி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேடு மேனேஜரின் பூட்டிய டிராயரில். அவர் அன்று பஸ் கிடைக்காமல் பத்தேகாலுக்கு வந்து டிராயரைத் திறந்தார். அக்கா கையெழுத்துப் போட்டார். அவர் வேலை நேரம் ஏழரை என்பதால், விதிப்படி, பக்கத்தில் சிவப்பு மையில் ‘தாமதம்’ என்று விழுந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வாங்க அக்கா, உள்ள போய்க் கேட்கலாம்” என்றேன்.

“வுடுங்க மேடம்” என்றார் அவர். “லேட்டுன்னாவது, வந்தேன்னு எழுதிகீறாங்க இல்ல.”